சோதனைக் குழாயில் வந்த கேள்வி

1845 நவம்பர் 1 என்று தேதியிட்ட ஒரு சீட்டும் ஒரு சோதனைக் குழாயும் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் மருத்துவரின் கைக்கு வந்தன. குழாயில் இருந்தது ஒரு நோயாளியின் சிறுநீர். காய்ச்சினால் லேசாகக் கலங்குகிறது, நைட்ரிக் அமிலம் விட்டால் தெளிகிறது, ஆறினால் உறைகிறது, சூடேற்றினால் மறுபடி இளகிவிடுகிறது, இது என்ன? அனுப்பிய மருத்துவர் தாமஸ் வாட்சனுக்கு விடை தெரியவில்லை.

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு திரும்ப நீராவதில்லை. சிறுநீரில் வழக்கமாக இறங்கும் அல்புமின் என்ற புரதமும் அப்படித்தான், வெந்தால் வெந்ததுதான். குழாயில் இருந்த புரதமோ சூட்டில் இளகியது, ஆறியதும் மறுபடி உறைந்தது.

நோயாளி 45 வயது மளிகை வணிகர். ஓராண்டுக்கும் மேலாக நெஞ்சிலும் இடுப்பிலும் தாங்கமுடியாத வலி. அட்டை விட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், வலி நிற்கவில்லை. சிறுநீர் பட்ட உள்ளாடை கஞ்சி போட்டதுபோல் விறைப்பதையும் அவர் கவனித்திருந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர் வில்லியம் மெக்கின்டயர் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். சூட்டில் அது காட்டிய விந்தையை முதலில் கண்டவர் மெக்கின்டயர்தான். பெயர் மட்டும் பென்ஸ் ஜோன்ஸுக்குப் போயிற்று. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

1846 ஜனவரி 1 அன்று அந்த வணிகர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் விலா எலும்புகள் கத்திக்கு எளிதாக வெட்டுப்பட்டன. உள்ளே ரத்தச் சிவப்பாய்க் கொழகொழவென்று ஒரு பொருள். எலும்பு இளகும் நோயாளிகளிடம் இந்தப் புரதத்தைத் தேடுங்கள் என்று பென்ஸ் ஜோன்ஸ் எழுதிவைத்தார். புற்றுநோய் ஒன்றுக்கு ஆய்வகத்தில் கிடைத்த முதல் அடையாளம் அதுதான். மல்டிபிள் மைலோமா என்ற பெயர் அந்த நோய்க்கு வந்ததே 1873-இல்.

வாட்சனின் கேள்விக்கு முழு விடை கிடைக்க 1962 ஆயிற்று. நியூயார்க்கில் ஜெரால்ட் எடெல்மனும் ஜோசப் காலியும், ஒரே நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியின் சிறு சங்கிலியையும் சிறுநீரில் இறங்கிய புரதத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றாகவே நடந்துகொண்டன: சூட்டில் திரிந்தன, கொதியில் கரைந்தன, ஆறியதும் மறுபடி திரிந்தன. எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகும் பிளாஸ்மா செல்கள் இந்தச் சங்கிலிகளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. உருவில் சிறியவை என்பதால் சிறுநீரக வடிகட்டியில் நழுவி வெளியேறுகின்றன. போகும் வழியில் சிறுநீரகத்தையே அடைத்துக் கெடுப்பதும் உண்டு.

இன்று இந்தப் புரதத்தைத் தேட வழக்கமாகச் சிறுநீரைக் காய்ச்சுவதில்லை. ஆனால் அவசரத்துக்கு முக்கிப் பார்க்கும் பட்டை முக்கியமாக அல்புமினைத்தான் காட்டும். இந்தப் புரதம் அதன் கண்ணில் படாமல் போகலாம். அதனால் மைலோமா சந்தேகம் உள்ளவரிடம் பல இடங்களில் இன்றும் ஒரு பெரிய கேனைக் கொடுத்தனுப்புகிறார்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை வரை ஒரு துளியும் விடாமல் அதில் சேர்க்கவேண்டும். ஆய்வகத்தில் அதை எலக்ட்ரோபோரெசிஸுக்கு ஏற்றுகிறார்கள். புரதங்கள் மின்புலத்தில் நகர்ந்து பிரிய, பென்ஸ் ஜோன்ஸ் புரதம் இருந்தால் ஓரிடத்தில் மெல்லிய, அழுத்தமான கோடாக நிற்கும்.