பித்தளைக் கம்பியும் தோள்களும்

ஓர் ஆபரணத்தைக் கண்டதும் நம்மிடையே எழும் முதல் வினா, "எத்தனை சவரன்?" என்பதே. அஃது அணிந்தவரின் கழுத்துக்கும் தோளுக்கும் எவ்வாறு இசைகின்றது என்று கேட்போர் சிலரே. இவ்விரண்டாம் வினாவையே பெரிதாகக் கொண்டவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976). காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களால் புகழெய்திய அவர், ஏறத்தாழ 1,800 அணிகலன்களைத் தம் கையாலேயே செய்தார் என்பதைப் பலர் அறியார்.

சிறுவயதில், தெருவில் கம்பி இணைப்போர் விட்டுச்சென்ற செம்புத் துணுக்குகளைப் பொறுக்கித் தமக்கையின் பொம்மைகளுக்கு நகை செய்தவர் அவர். 1919-இல் பொறியியற் பட்டம் பெற்றார். எனினும் நகை செய்யக் குறடும் சுத்தியலுமே அவருக்கு முதன்மைக் கருவிகள். பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுருளாக வளைத்துத் தட்டையாக அடிப்பார். பற்றாசு வைத்து ஊதுவதைப் பெரிதும் தவிர்த்தார். கண்ணிகளாகக் கோத்தும், மெல்லிய கம்பியாற் கட்டியும், சிற்றாணி அறைந்தும் உறுப்புகளை இணைத்தார். நம் ஊர்ப் பத்தர் இணைப்பு தெரியாமல் மறைப்பதில் தம் திறமையைக் காட்டுவார். கால்டரோ அதனை வெளிப்படையாகவே விட்டார். செய்கூலி, சேதாரம் என்னும் நம் கணக்கிலே கூறின், இங்கு உலோகத்தின் விலை அற்பம், செய்கூலியே முழுமதிப்பு.

1940-ஆம் ஆண்டளவில் அவர் செய்த பித்தளை ஆரமொன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பெயர் 'பொறாமை கொண்ட கணவன்'. பெருஞ்சுருள்கள் இருபுறமும் தோள்களைக் கடந்து நீள்கின்றன. அதனை அணிந்த மங்கையைப் பிறர் எளிதில் நெருங்கித் தழுவ இயலாது! பெயரின் குறும்பு அணிந்த பின்னரே விளங்கும். மேசைமீது கிடக்கையில் அது வளைந்த கம்பி மட்டுமே. உடல் சேர்ந்த பிறகே சிற்பமாகின்றது என நாம் கருதுகிறோம்.

1942-இல் நியூயார்க்கில் பெகி குகன்ஹைம் தம் கலைக்கூடத்தைத் திறந்தபோது, ஒரு காதில் கால்டரின் தோட்டையும் மறு காதில் இவ் தாங்கி என்னும் ஓவியரின் தோட்டையும் அணிந்து வந்தார். அருவக் கலைக்கும் மிகைநடப்பியலுக்குமிடையே தாம் நடுநிலையாளர் என்பதை அவர் செவிகளே அறிவித்தன.

அமெரிக்கக் கதை என்று இதனை நாம் ஒதுக்கிவிட இயலாது. 1955-இல் கீரா சாராபாயின் அழைப்பை ஏற்றுத் தம் மனைவி லூயிசாவுடன் கால்டர் இந்தியா வந்தார். மூன்று வாரத்தில் ஒன்பது சிற்பங்களும் பதினோர் அணிகலன்களும் அவர் கையில் உருவாயின. அவருக்கு விருந்தோம்பிய சாராபாய் குடும்பத்தார் வாழ்ந்தது அகமதாபாத்தில். அங்கு வாழும் நம்மவர் நன்கறிந்த, நகையை நிறுத்து விற்கும் மாணெக் சௌக் அங்காடியும் அந்நகரிலேயே உள்ளது.