ஈழத்துக் குகைகளில் ஆதி மனிதன்

வரலாறு என்றவுடன் மன்னரும் மாளிகையும், கோயிலும் குளமும், கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவுக்கு வருவன. எழுத்தறியாத மக்களுக்கு வரலாறு ஏது என்று கேட்பாரும் உளர். எழுத்துத் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் இலங்கைத் தீவில் மக்கள் வாழ்ந்தனர், வேட்டையாடினர், தம்மை அணிசெய்தனர், இறந்தோரின் என்புகளுக்குச் செங்காவி பூசி அடக்கஞ் செய்தனர். அவர்தம் வாழ்க்கையை நமக்கு எடுத்துரைக்கும் ஏடுகள், குகைகளின் மண்ணுட் புதைந்து கிடந்த சிறு கற்களேயாம்.

இக்கற்கள் மனிதன் கைபட்டவை என்பதை 1885ஆம் ஆண்டளவில் ஜோன் போல், ஈ. ஈ. கிறீன் என்னும் இருவர் கண்டுணர்ந்தனர். 1907இல் சுவிற்சலாந்து அறிஞரான போல் சரசினும் பிறிற்ஸ் சரசினும் வேடர் வாழும் பகுதிக்குச் சென்று நில்கலைக் குகையை ஆராய்ந்தனர். பின்னர், தேசிய நூதனசாலைகளின் அதிபராயிருந்த போல் தெரணியகல சபரகமுவக் குகைகள் பலவற்றை அகழ்ந்தார். அங்கு வாழ்ந்த மனிதனுக்குப் 'பலாங்கொடை மனிதன்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. அவர் மைந்தர் சிரான் தெரணியகல 1970களின் இறுதி தொடக்கம் அப்பணியைப் புதிய விஞ்ஞான முறைகளோடு தொடர்ந்தார்.

இக்குகைகளுள் மூன்று சிறப்பாகக் குறிப்பிடற்பாலன. குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென ஒன்று. கித்துல்கலைப் பெலிலென மற்றொன்று. களுத்துறை மாவட்டத்திற் புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியங்கலை மூன்றாவது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகரான பாகியன் இக்குகையில் தங்கினார் என்பது செவிவழிச் செய்தி. அவர் காலத்துக்கு நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே அங்கே அடுப்புகள் எரிந்தன என்பதோ அகழாய்வு காட்டும் செய்தி. கதிரியக்கக் காபன் முறையாற் கணித்தபோது, பாகியங்கலையில் மனிதர் வாழத் தொடங்கிய காலம் இற்றைக்குச் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன் எனத் தெரியவந்தது.

அம்மக்கள் செய்த கருவிகள் மிகச் சிறியன. பல, விரல் நுனியில் அடங்குவன. அவற்றைக் குறுங்கற்கருவிகள் என்பர். குவாட்சு எனப்படும் வெண்படிகக்கல்லே பெரும்பாலும் மூலப்பொருள். அக்கல் எளிதிற் பணியாதது. அடித்தால் நினைத்தவாறு பிளவாது நொறுங்குவது. எனவே ஒரு கல்லைப் பட்டடையாக வைத்து, அதன்மேற் படிகக்கல்லை நிறுத்தி, மற்றொரு கல்லால் மேலிருந்து அடித்துச் சில்லுகளைப் பெயர்த்தெடுத்தனர். அவற்றுட் சிலவற்றின் ஓரங்களை நுணுக்கமாகக் கொத்திப் பிறைவடிவாகவும் முக்கோணமாகவும் அமைத்தனர். இத்தகைய வடிவக் கருவிகள் ஐரோப்பாவிற் பெருவழக்கானது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்னரே. நம் தீவின் குகைகளிலோ அவை 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையன. நாகரிகம் யாவும் மேற்கிலிருந்தே வந்தது என்பார்க்கு இச்சிறு கற்களே தக்க விடையாகும்.

இனி, அவர்கள் எதனை உண்டனர்? மழைக்காட்டில் மனிதன் பிழைத்தல் அரிது என்பது அறிஞர் பலரின் பழைய கொள்கை. அங்கே பெருவிலங்குகள் குறைவு. இரையெல்லாம் மரவுச்சியிற் பாய்ந்து திரிவன. ஆயினும் பாகியங்கலையிற் கிடைத்த விலங்கென்புகளுட் பெரும்பகுதி குரங்கு, மந்தி, மலையணில் ஆகியவற்றுக்குரியனவென 2019இல் வெளியான ஆய்வு கூறிற்று. குரங்கின் என்பையே தீட்டிக் கூராக்கி, அக்கூரினாலேயே குரங்கை வேட்டையாடினர். அக்கூர்கள் அம்பு முனைகளாயிருந்தன என்றும், ஆபிரிக்காவுக்கு வெளியே வில்வித்தைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் இவை அடங்கும் என்றும் 2020இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். காட்டு நத்தையும், கெக்குன என்னும் காட்டுக்கொட்டையும் அவர்களுக்கு உணவாயின. பாகியங்கலையிற் கடற்சிப்பி மணிகளும் கிடைத்துள்ளன. பெலிலெனவிற் கடனீரேரிச் சிப்பிகள் காணப்பட்டமையால் உப்பும் கரையிலிருந்து வந்திருக்கலாம் என்பர். கடலுக்கும் மலைக்கும் இடையே அன்றே போக்குவரத்து இருந்ததென்பது தெளிவு.

நம் வடபுலமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. இரணைமடுவின் பெயரால் வழங்கும் பழைய மணற் படிவங்களிற் கற்கருவிகள் கிடைத்துள்ளன. மாந்தைத் துறையில், பிற்கால வணிக நகரின் அடியிலே குறுங்கற்கருவிகள் கொண்ட மண்படை காணப்பட்டது.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? இத்தீவுக்கு முதலில் வந்தவர் யாவர் என்னும் வினா, நம் நாட்டிற் பலகாலும் பகைமையோடு எழுப்பப்பட்டதாகும். குகையின் அடிமண்ணிற் கிடந்த கல்லைக் கேட்டால் அது எம்மொழியிலும் விடை கூறாது. அக்கல்லை உடைத்த கை எம்மொழி பேசிய நாவுக்குரியது என்பதை எவரும் அறியார். இன்று நாம் பேசும் மொழிகளும், கைக்கொள்ளும் சமயங்களும், கட்டிய அரசுகளும் அக்கைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் இளையன. அவ்வாதி மக்களின் உடற்கூறு வேடரிடத்து ஓரளவு தொடர்கின்றது என ஆய்வாளர் சிலர் கருதுவர். அங்ஙனமாயின், முதன்மை பேசும் நாம் எல்லோரும் மிகக் குறைவாக மதித்த மக்களே அம்முதன்மைக்கு மிக அணித்தானவர் ஆவர்.

புதையல் தேடுவோரின் மண்வெட்டி ஒரு நாளில் அழிக்கும் மண்படை, பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்தது. கலைந்தபின் அதனை மீண்டும் அடுக்குதல் எவராலும் இயலாது. ஆதலின் இளைஞர்காள், ஊர்ப்புறத்தே வினோதமான கல்லோ என்போ கண்டால் அதனை இடம்பெயர்க்காது, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பெயரும் ஊரும் அறியப்படாத அம்முன்னோர்க்கு நாம் ஆற்றத்தக்க கடன் அதுவேயாம்.