நம் ஊர்ப் பெயரில் ஒரு மருந்துச் செடி

எக்கினேசியா என்ற ஊதாப் பூச்செடியை பால்கனித் தொட்டியில் வளர்க்கலாமா என்று நம் வளாகத்தில் சிலர் கேட்கிறீர்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மருந்தாகப் பயன்படுத்திய செடி அது. குளிர்காலம் கண்டு பழகியது. திருநெல்வேலி வெயிலில் அதன் கதி என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு மருந்துச் செடி இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

நாட்டு மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடி வாங்கியிருப்பீர்கள். உலக மருந்துச் சந்தையில் அதன் பெயர் 'டின்னவெல்லி சென்னா'. டின்னவெல்லி என்பது வெள்ளைக்காரர் வாயில் நுழைந்த திருநெல்வேலி.

பெயர் நமது, செடி நமதல்ல, அரேபியாவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்பவர் இதைத் திருநெல்வேலிச் சீமையில் பயிரிட்டார். அதுவரை ஐரோப்பாவில் பேர்பெற்றது எகிப்திலிருந்து கப்பலேறிய அலெக்சாண்டிரியா சென்னா. அதில் வேறு செடிகளின் இலையும் குச்சியும் கலந்திருக்கும். தூத்துக்குடி வழியாகப் போன நம் சரக்கோ உடையாத, சுத்தமான இலை. பெயர் நிலைத்ததற்கு அந்தச் சுத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1941இல் சுவிட்சர்லாந்தின் ஸ்டோலும் பெக்கரும் இலையின் மருந்துச் சத்தான சென்னோசைடுகளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று சென்னா உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். தாமிரபரணி பாயும் நெல்வயலுக்குப் பேர்போனது நம் ஊர். மருந்துக் கடைகளில் அதன் பெயரைச் சொன்னதோ ஆற்றுத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காடு! 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அந்தக் காடுகளில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. இப்போது ராஜஸ்தானிலும் நிறையப் பயிராகிறது.

வளர்ப்பது எளிது. விதைத்தோல் கடினமானது, மணலோடு தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். இரண்டு மாதத்தில் ஆவாரம்பூவின் தங்கை போல மஞ்சளாகப் பூக்கும். இலையை மட்டும் நீங்களாகக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். அளவு மிஞ்சினால் வயிற்றைப் பிடுங்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் கூடாது.

பின்புறச் சுவரோரம் புல்தரை போட்டு, தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணம் நினைவிருக்கும். அந்த இடத்துக்கு நிலாவாரை போதும் என்பது என் கட்சி. அடுத்த கூட்டத்தில் எதிர்க்கட்சி பேசலாம்.