புட்டியும் மணியும்

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலம் கோடை இறுதியில் ஊதாநிறக் காட்டுப்பூக்களால் நிறைந்திருக்கும். 1854ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்குள்ள கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். சதுப்பைக் கடந்து வந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் சென்றனர். குறிப்புகளைக் கொண்டு ஒளித்த பெட்டியைத் தேடி, அதிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டிற் பதிக்கும் விளையாட்டு அதிலிருந்தே வளர்ந்தது.

வந்து சென்றதற்கு அடையாளம் இடும் வழக்கம் இலங்கை மலைநாட்டிலும் உண்டு. அற்றனிலிருந்து டிக்கோயா, மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் அடியார், உச்சியிலுள்ள மணியைத் தாம் ஏறிய தடவைகளின் எண்ணிக்கைப்படி அடிப்பர். முதன்முறை வந்த தோட்டத் தொழிலாளிக்கு ஒரே ஓசை; பன்முறை வந்த முதியவருக்குப் பல. அதனைச் சரிபார்க்க ஏடு எதுவும் இல்லை. அவரவர் மனச்சாட்சியே கணக்கு.