பிறவிக் கருப்பை அமைப்புக் குறைபாடுகள்

பெண் சிசு தாயின் வயிற்றில் உருவாகும்போதே அதன் கருப்பை வழக்கமான வடிவத்தை அடையாமல் போவது பிறவிக் கருப்பை அமைப்புக் குறைபாடு எனப்படும். கருவின் ஆறாவது வார வாக்கில் இடமும் வலமுமாக இரண்டு குழாய்கள் தோன்றுகின்றன. 1830இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லரின் பெயரால் இவை முல்லேரியன் குழாய்கள் எனப்படுகின்றன. மேற்பகுதிகள் கருக்குழாய்களாகின்றன, கீழ்ப்பகுதிகள் ஒன்றாக இணைந்து கருப்பையாகின்றன. இணைந்த இடத்திலுள்ள நடுச்சுவர் பிறகு கரைந்துவிடும்.

இந்த வேலை எங்கே நின்றுபோகிறதோ அதற்கேற்பக் குறைபாடு அமைகிறது. ஒரு குழாய் வளராவிட்டால் ஒற்றைக்கொம்புக் கருப்பை. இரண்டும் சேரவே இல்லையென்றால் இரட்டைக் கருப்பை. பாதி சேர்ந்தால் இருகொம்புக் கருப்பை. சேர்ந்தபின் சுவர் கரையாமல் நின்றால் தடுப்புச் சுவர்க் கருப்பை.

பொதுவாகப் பெண்களில் ஏறத்தாழ 5.5 சதவீதத்தினருக்கு இவற்றுள் ஏதோ ஒன்று இருப்பதாக 2011இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. கருச்சிதைவுக்கு ஆளானவர்களிடையே இது 13 சதவீதம். சினைப்பைகள் வேறு திசுவிலிருந்து உருவாவதால் முட்டையும் ஹார்மோன்களும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; மாதவிடாயும் பலருக்கு ஒழுங்காக வரும். ஆகவே கரு உண்டாவதைவிட அது நிலைப்பதில்தான் சிக்கல் அதிகம். அடுத்தடுத்துக் கரு கலையும்போது குடும்பத்தார் பெண்ணின் நடை, உணவு, வேலை எனக் காரணம் தேடுவதுண்டு. அது பெருங்கொடுமை, அவள் பிறக்கும் முன்பே முடிந்துவிட்ட உடலமைப்பு இது.

கருச்சிதைவோடு மிக நெருங்கிய தொடர்புள்ளது தடுப்புச் சுவர். அச்சுவரில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் அதில் பதியும் கரு சரியாக வளர்வதில்லை என்பது பரவலான விளக்கம். உள்ளிருந்து பார்த்தால் இதுவும் இருகொம்புக் கருப்பையும் ஒன்றுபோலவே தோன்றும். கருக்குழாய் எக்ஸ்ரே உட்குழிவை மட்டுமே காட்டுவதால் அதை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. கருப்பையின் வெளி உச்சி சமமாக இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்தாக வேண்டும். இருகொம்புக் கருப்பையைத் தடுப்புச் சுவர் என்றெண்ணி உள்ளே வெட்டினால் கருப்பையே துளைபடும்.

தடுப்புச் சுவரை ஹிஸ்டரோஸ்கோப்பி எனும் கருப்பை உள்நோக்குக் கருவி வழியே வெட்டி நீக்குவது நீண்டகால வழக்கம். ஆனால் 80 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில், சுவர் நீக்கப்பட்டவர்களில் 31 சதவீதத்தினரும் நீக்கப்படாதவர்களில் 35 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தை பெற்றனர். சோதனை சிறியது என்பதால் விவாதம் ஓயவில்லை. எனினும் சுவர் தெரிந்தவுடனே அறுவை என்ற அவசரத்துக்கு இனி இடமில்லை.

கரு நிலைத்த பிறகும் இடநெருக்கடி தொடரலாம். குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு, தலை கீழே திரும்பாத நிலை, அதனால் சிசேரியன் ஆகியவை இத்தகைய கருப்பைகளில் அதிகம். ஒற்றைக்கொம்புக் கருப்பையின் அருகே வளர்ச்சி குன்றிய கொம்பு இருந்து அதில் கரு தங்கினால், நடு மாதங்களில் அது வெடித்துத் தாயின் உயிருக்கே ஆபத்தாகும். அதனால் கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதை ஆரம்ப ஸ்கேனிலேயே உறுதிசெய்ய வேண்டும். சிறுநீரகமும் இதே காலத்தில் அருகிலேயே உருவாவதால் அதையும் பரிசோதிப்பது அவசியம். சிலருக்கு ஒரு சிறுநீரகமே இருக்கும்.

கருப்பையே உருவாகாத நிலை ஏறத்தாழ 5,000 பெண்களில் ஒருவருக்கு ஏற்படுகிறது. பூப்பெய்தாததால் மருத்துவரிடம் வரும்போதுதான் பெரும்பாலும் இது தெரியவரும். சினைப்பைகள் இயங்குவதால் அவர்களின் முட்டையைக் கொண்டு வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற முடியும். 2014 செப்டம்பரில் சுவீடனில், இத்தகைய பெண் ஒருவர் தானமாகப் பெற்ற கருப்பையில் சுமந்து குழந்தை பெற்றார். மாற்றுக் கருப்பையில் பிறந்த முதல் குழந்தை அது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுக்க உட்கொள்ளும் நிலையைத் தவிர்க்க, ஓரிரு பிரசவங்களுக்குப் பின் அக்கருப்பையை அகற்றிவிடுவது நடைமுறை.