தெருப்பெயரும் நம் வரலாறும்

நகரம் ஒன்றின் தெருப்பெயர்களை வரிசையாக எழுதி வைத்தால், அந்நகரம் யாரை மதித்தது, யாரை மறந்தது என்பது தானே புலனாகும். கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிச் செல்லும் நாம், அன்றாடம் தலைக்கு மேல் நிற்கும் பெயர்ப் பலகையைப் படிக்க மறந்துவிடுகிறோம். அப்பலகையும் ஒருவகைக் கல்வெட்டே. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நம் இளைஞர்கள் அக்கல்வெட்டைப் படிக்கப் பழகவேண்டும் என்னும் விழைவால், சென்னை மாநகரின் பெயர் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தோம்.

இவ்வெண்ணம் எழுந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நாம் தலைமையாசிரியராக உள்ள பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் மாணவன் ஒருவன், நம் அறையில் அமர்ந்து கல்லூரி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். முகவரி எழுதவேண்டிய இடத்தில் அவன் பேனா நின்றது. “ஐயா, காலனி என்று எழுதாமல் கதவு எண்ணும் அஞ்சல் எண்ணும் மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேருமா?” என்று கேட்டான். சாதிச் சான்றிதழை இணைக்க அவன் தயங்கவில்லை. அது தன் உரிமை என அறிந்திருந்தான். ஆனால் அஞ்சல் உறையைக் கையில் எடுப்பவர் எல்லாம் தன் பிறப்பைப் படிக்கவேண்டுமா என்பதே அவன் வினா. “வந்து சேரும்” என்று மட்டும் அன்று கூறினோம். கூறாது விட்ட எஞ்சிய விடையே இக்கட்டுரை.

கோட்டையும் கறுப்பர் நகரமும்

1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பினர். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என ஊர் இரண்டாயிற்று. நகரின் முதற்பெயரே நிறம் பார்த்து இடப்பட்ட பெயர்! 1688இல் மாநகராட்சி தோன்றியது. கறுப்பர் நகரம் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் டவுன் என மாறியது.

அக்கறுப்பர் நகரத்துத் தெருக்களை நோக்குவோம். தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு என்பவை தனி மனிதர்களின் பெயர்கள். பவளக்காரத் தெரு வணிகத்தால் வந்தது. ஆர்மீனியர் வாழ்ந்த தெருவை நம் மக்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்றே வழங்கினர். எழுதிவைப்பார் இல்லையேல் ஒரு பெயர் எவ்வளவு விரைவில் திரியும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே நகரை ஒட்டி வாழ்ந்த நம் முன்னோரின் இடம், கம்பெனி ஆவணங்களில் ‘பெரிய பறைச்சேரி’ என்று மட்டுமே காணப்படுகிறது. சுமை தூக்கியவரும், துரைமார் வீடுகளில் உழைத்தவரும் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் பெயரேனும் ஒரு சந்துக்கு இடப்படவில்லை.

இலக்கண வகுப்பில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என இரண்டைக் கற்பிக்கிறோம். பொருள் படைத்தவர் தெருவுக்குச் சிறப்புப்பெயரும், உழைத்தவர் தெருவுக்குப் பொதுப்பெயரும் என்பதே நகரத்தின் இலக்கணம் ஆயிற்று. சேரி, காலனி, குடியிருப்பு என்று சொல் மாறியதேயன்றி, பொதுப்பெயர் என்னும் நிலை மாறவில்லை.

சொல்லிலா குற்றம்?

‘சேரி’ என்னும் சொல் இழிவானதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், அந்தணர் வாழ்ந்த அவ்வூர் பன்னிரண்டு சேரிகளாகப் பிரிந்திருந்ததைக் கூறுகின்றன. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவே. இன்று எந்த அக்கிரகாரத்தையும் எவரும் சேரி என்று சொல்லார்.

‘காலனி’ என்னும் சொல்லும் அத்தகையதே. ரயில்வே ஊழியர் காலனி, வங்கி ஊழியர் காலனி எனச் சென்னையில் பல உள்ளன. அங்கு வாழ்பவர் முகவரி எழுதுகையில் பேனா நிற்பதில்லை. எனவே சொல்லுக்குக் களங்கம் சொல்லால் வரவில்லை. அச்சொல்லுக்குள் வாழ்பவரைச் சமுதாயம் பார்த்த பார்வையால் வந்தது. இதனை நம் இளைஞர்கள் தெளிவாக உணர்தல் வேண்டும்.

நடக்கும் உரிமை முன்னது

தெருவுக்குப் பெயர் இடுவதற்கு முன், தெருவில் நடக்கவே நாம் போராட வேண்டியிருந்தது. ஆசிரியராகப் பணியாற்றிச் சட்டமன்றம் சென்ற பெருந்தகை எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922இல் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்னும் பெயர்களுக்கு மாற்றாக ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றது. பிறர் இட்ட பெயரை மறுத்து, நம்மவர் தாமே தேர்ந்த பெயரை அரசு எழுதிய நாள் அது.

1924இல் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் மற்றொரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அஃது அரசாணையாகவும் வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன், பொதுத் தெருவில் நடப்பதற்கு அரசாணை தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தலைவர்களின் பெயர்கள்

பெயரிடுதல் ஆட்சியின் கருவி. 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம், புதிய பொதுத் தெருக்களுக்குப் பெயரிடும் பொறுப்பை மாமன்றத்துக்கு அளித்தது. இருக்கும் பெயரை மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும் என்றது. ஆகவே ஆட்சி மாறியபோதெல்லாம் பலகைகளும் மாறின. நீதிக்கட்சிக் காலத்தில் உருவான தியாகராய நகர், அக்கட்சித் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியது: தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், முகமது உஸ்மான். விடுதலைக்குப் பின் மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலை பெரியார் பெயர் பெற்றது. ஈ.வெ.ரா. அவர்களுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டத்தை அளித்த 1938ஆம் ஆண்டுச் சென்னை மகளிர் மாநாட்டில் முன்னின்றவருள் நம் அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஒருவர். அச்சாலையில் செல்லும்போது இதனை நினைவு கூர்தல் தகும்.

1970களின் இறுதியில், தெருப்பெயர்களின் பின்னுள்ள சாதிப் பட்டங்களை நீக்குமாறு மாநில அரசு ஆணையிட்டது. நோக்கம் உயர்ந்தது. டாக்டர் நாயர் சாலை வெறும் ‘டாக்டர் சாலை’ ஆனதாகச் சென்னைவாசிகள் இன்றும் சொல்லிச் சிரிப்பர். பட்டம் போனாலும் ஏனையோர் தெருக்களில் ஆளின் பெயர் நின்றது. ஆனால் சேரிக்கும் காலனிக்கும் வெட்டி எடுப்பதற்குப் பட்டமும் இல்லை. எஞ்சி நிற்க ஆளின் பெயரும் இல்லை.

மூன்றரை ஆண்டு ஓடிய பேருந்து

1994 சனவரியில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. வடசென்னையின் பேருந்துகளில் அண்ணலின் பெயர் ஓடியது. ஆலைக்கும் சந்தைக்கும் சென்ற நம் மக்கள் அப்பேருந்துகளில் ஏறினர், ஏனையோரும் ஏறினர்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் நின்று போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு அறிவித்தது. அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்னும் ஒரே காரணத்தால், அப்பெயர் பொறித்த பேருந்தில் ஏறோம் என்று சிலர் கிளர்ந்தனர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது; உயிர்கள் மாண்டன. முடிவில் அரசு, போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. 1997 சூலை முதல் நாளிலிருந்து சென்னையின் இரு கழகங்களும் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் என்றாயின. வடாற்காடு அம்பேத்கர் மாவட்டமும் வேலூர் மாவட்டம் ஆயிற்று.

அமைதி கருதிச் செய்த முடிவு என்பர். நாம் மறுக்கவில்லை. ஆயினும் வரலாற்று மாணவன் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சேரன், சோழன், பாண்டியன் பெயர்களில் பேருந்துகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. நம்மவர் அவற்றில் ஏற மறுத்ததில்லை. நம்மவர் ஒருவர் பெயர் அவ்வரிசையில் வந்தபோதே வரிசை முழுவதும் கலைக்கப்பட்டது.

பெயரைச் சுற்றிய பூசல் நகரிலும் எழுந்தது. 1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி 1990இல் அண்ணலின் பெயர் பெற்றது. 2008இல், கல்லூரியின் பெயரிலிருந்து அவர் பெயரை விடுத்துச் சுவரொட்டி அச்சிட்டதிலிருந்து மூண்ட பகை, நவம்பர் 12ஆம் நாள் மாணவர் மோதலாய் முடிந்தது. வளாகத்தில் குருதி சிந்தியது. அவ்வன்முறையை நாம் எவ்வாற்றானும் ஏற்கமாட்டோம். சட்டம் பயில வந்த பிள்ளைகள் தடி ஏந்தியது இரு தரப்புக்கும் இழப்பு. பெயரைக் காக்கும் வழி தடியன்று.

அண்மைக் காலம்

நம்மவர் பெயர்கள் மெல்லப் பொது இடங்களுக்கு வந்துள்ளன. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை, சித்த மருத்துவராகிய அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் தாங்குகிறது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனாருக்கும், 2023 முதல் பண்டிதருக்கும் மணிமண்டபங்கள் உள்ளன. சைதாப்பேட்டை விடுதி எம்.சி. ராஜா பெயரில் பல தலைமுறை மாணவர்களைக் காத்துள்ளது. பெயரிடும் மாமன்றத்தின் தலைமை நாற்காலியிலும் நம்மவர் அமர்ந்துள்ளனர்: 1937இல் ஜே. சிவசண்முகம் பிள்ளை, 1945இல் என். சிவராஜ், 2022இல் ஆர். பிரியா.

2025 ஏப்ரல் 29ஆம் நாள், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் தெருக்கள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான ஆணையும் வெளிவந்தது. அது வழக்குக்கும் உள்ளாயிற்று.

இம்மாற்றத்தை வரவேற்கிறோம். ஆயின் எச்சரிக்கையும் வேண்டும். கூவம் கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த நம்மவர் பலர், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்டனர். பெரும்பாக்கத்து அடுக்ககங்களில் முகவரி என்பது கட்டட எண்ணும் கதவு எண்ணுமே. பழைய இழிபெயர் போயிற்று. அதனுடன் பழைய இடமும், அருகிருந்த வேலையும் பள்ளியும் போயின. பெயர் மாறுவது வேறு. வாழ்வு மாறுவது வேறு. முன்னதைக் கொடுத்துப் பின்னதை எடுத்துக்கொள்ள இடம் தரலாகாது.

இளைஞர் செய்யத்தக்கவை

முதலாவது, நம் தெருக்களின் பழம்பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கிணறு, மரம், களம், கோயில் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களையும் விடாதீர்கள். இரண்டாவது, புதிய பெயர் வேண்டுமெனில் தெருவார் கூடிப் பேசி, பெண்களின் கருத்தையும் கேட்டு, மன்ற உறுப்பினரிடம் எழுத்தில் மனு அளியுங்கள். அதன் படியைப் பாதுகாத்து வையுங்கள். மூன்றாவது, பலகையில் பெயர் வந்தபின் அப்பெயருக்குரியவர் யார் என நம் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லப்படாத பெயர் அரண்மனைக்காரன் தெருவைப் போலத் திரிந்துபோகும்.

நம் மாணவனுக்குக் கடிதம் வந்து சேர்ந்தது. அவன் பட்டமும் பெற்றான். இன்று அவன் மீண்டும் வந்து அவ்வினாவைக் கேட்பானாயின், நாம் கூறும் விடை இதுவே: “தம்பி, உன் முகவரியை முழுமையாக எழுது. நாணவேண்டியவன் நீ அல்லன். அப்பெயர் பிடிக்கவில்லையாயின், அதனை மாற்றும் உரிமையும் உனக்கு உண்டு. மனு எழுது, முதற் கையொப்பம் நாம் இடுகிறோம்.”