மூரியும் மக்கின்லி மலை ஓநாய்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தான் அஞ்சிய விலங்குகள்மீது தீர்ப்பு வழங்குவதற்குக் காட்டிய விரைவை, அவற்றைப் பற்றிய சான்றுகளைத் தேடுவதில் காட்டினானல்லன். வட அமெரிக்காவில் ஓநாய்க்கு நேர்ந்த கதி இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஐரோப்பியக் குடியேற்றக்காரர் தம் மந்தைகளோடு மேற்கு நோக்கிப் பரவியபோது, ஓநாய் அவர்தம் பகையாயிற்று. துப்பாக்கி, பொறி, நஞ்சு ஆகிய அனைத்தும் அதற்கெதிராகப் பயன்பட்டன. கொல்லப்பட்ட ஒவ்வோர் ஓநாய்க்கும் பரிசுப்பணம் வழங்கப்பட்டது. வனவிலங்குகளின் புகலிடமாகக் கருதப்பட்ட யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவிற்கூட, 1926ஆம் ஆண்டளவில் ஓநாய்க் கூட்டங்கள் அழித்தொழிக்கப்பட்டன.

இதே கதி அலாஸ்காவிலும் நேரவிருந்தது. அங்குள்ள மக்கின்லி மலை தேசியப் பூங்கா, டோல் எனப்படும் வெண்ணிறக் காட்டுச் செம்மறிகளை வேட்டையாடுவோரிடமிருந்து காக்கும் நோக்குடன் 1917இல் நிறுவப்பட்டது. 1932ஆம் ஆண்டையொட்டிய கொடிய பனிக்காலங்களின் பின் இச்செம்மறிகளின் தொகை பெரிதும் வீழ்ச்சியுற்றது. பழி ஓநாய்மீது சுமத்தப்பட்டது. பூங்காவின் ஓநாய்களைக் கொல்லவேண்டுமென்ற கூக்குரல் ஓங்கியது. இந்நிலையிலேயே தேசியப் பூங்காச் சேவையினர் உண்மையை ஆராயுமாறு அடொல்ப் மூரி என்னும் உயிரியலாளரை அங்கு அனுப்பினர்.

1899இல் மினசோட்டாவிற் பிறந்த மூரி, மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1939 ஏப்ரலில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலே பூங்காவினுட் சென்ற அவர், அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 1,700 மைல் தூரம் கால்நடையாகத் திரிந்தார். 1940இல் மீண்டும் சென்று 1941 வரை ஆய்வைத் தொடர்ந்தார். தொலைநோக்கியும் குறிப்பேடுமே அவருடைய முதன்மைக் கருவிகளாயின.

வரலாற்று மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது அவர் கையாண்ட முறையாகும். கல்வெட்டுகளைத் தேடும் வரலாற்றாசிரியனைப்போல அவர் மலைச்சரிவுகளில் இறந்த செம்மறிகளின் மண்டையோடுகளைத் தேடினார். 829 மண்டையோடுகள் கிடைத்தன. கொம்பின் வளர்ச்சி வளையங்கள் விலங்கின் வயதைக் கூறின. தாடையெலும்பின் சிதைவு அதன் நோயைக் காட்டிற்று. இறந்தவற்றுட் பெரும்பாலானவை ஓராண்டளவான இளையனவோ, முதுமையுற்றனவோ, நோயுற்றனவோ ஆகும். வலிமை மிக்க நடுத்தர வயதினவை மிகச் சிலவே. ஓநாய்களின் எச்சங்களையும் திரட்டி, அவை உண்டவை யாவை என அறிந்தார். செம்மறியைக் காட்டிலும் கரிபூ மானே அவற்றின் பிரதான இரை என்பது புலனாயிற்று.

1940 மே மாதத்தில், டொக்லட் ஆற்றின் கிழக்குக் கிளையருகே குட்டிகளுடன் கூடிய ஓநாய் வளையொன்றைக் கண்டார். இரவு பகலாக அதனை நோக்கியிருந்தார். தாய் வேட்டைக்குச் சென்ற வேளையிற் குட்டிகளுக்குக் காவலாக வேறோர் ஓநாய் தங்கியதையும் கண்டார். கொடுமையின் உருவமெனப் பேசப்பட்ட விலங்கினிடத்து, ஒன்றோடொன்று கொண்ட நட்புணர்வே தம் மனத்தில் ஆழப் பதிந்ததென அவர் எழுதினார்.

‘மக்கின்லி மலையின் ஓநாய்கள்’ என்னும் அவருடைய நூல் 1944இல் வெளிவந்தது. ஓநாய் செம்மறியின் பெருக்கத்தைத் தடுக்கின்றது என்பதை மூரி மறைத்தாரல்லர். எனினும், நலிந்தவற்றை நீக்குவதால் அது இரையினத்துக்கு நன்மையும் செய்யக்கூடும் என்பது அவர் கருத்து.

ஆயினும் நூல் வெளிவந்தவுடன் கூக்குரல் அடங்கிவிடவில்லை. 1945இல் செம்மறிகளின் தொகை ஏறத்தாழ 500 ஆகக் குறைந்திருந்தது. ஓநாய்களைக் கட்டுப்படுத்தக் கோரும் மசோதாவும் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. அந்நெருக்கடியில் மூரியே ஒருசில ஓநாய்களைக் கொல்லுவதற்கு இணங்கினார். இதனைப் பலவீனமெனக் கொள்வாரும் உளர். ஆனால், எஞ்சிய செம்மறிகளின் நிலை உண்மையாகவே இடருற்றிருந்தது என்பதையும், முழு அழிப்புக்கு அவர் உடன்பட்டாரல்லர் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். 1950களின் முற்பகுதியில் ஓநாய்க் கொலை அங்குக் கைவிடப்பட்டது, செம்மறிகளும் அழிந்தொழியவில்லை.

மூரி 1974இல் மறைந்தார். அப்பூங்கா 1980இல் டெனாலி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1995இல் கனடாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓநாய்கள் யெலோஸ்ரோனில் மீளக் குடியமர்த்தப்பட்டன. அழித்தொழித்த நாடே ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் அவ்விலங்கை மீள வரவழைத்தது.

சான்று பொதுமக்கள் தீர்ப்பை ஒரே நாளில் மாற்றிவிடுவதில்லை என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. மூரியின் நூலுக்கும் யெலோஸ்ரோன் மீள்குடியமர்த்தலுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. எனினும், பனிவெளியில் நடந்து ஒருவர் திரட்டிய எலும்புகள் இல்லாதிருப்பின், அம்மாற்றத்தை வேண்டியோர் எதனை ஆதாரமாகக் காட்டியிருப்பர்? பெருங்கூட்டம் ஒன்றாகப் பழிசுமத்தும் வேளையில், முதலிற் சான்றைத் தேடிப் புறப்படுவோரின் பணி இத்தகையது. அஃது எக்காலத்திலும், எத்துறையிலும் வேண்டப்படுவதேயாம்.